திறைசேரி உண்டியலே 30 வீதம் கொடுத்த நாட்டில் என்பிவி போட்டு யாருக்கு லாபம்?

2 மார்ச் 2025 – நிலாவெளி வாசகி கேட்டது

"எம்பிஏ முதல் வருடம் படிக்கிறேன். நிதி முகாமைத்துவப் பாடத்தில் மூலதனக் கிரயம், என்பிவி (வரப்போகும் காசின் இன்றைய பெறுமதியில் இருந்து போட்ட காசைக் கழித்தது), பீட்டா என்று சேர் பலகை நிறைய எழுதுகிறார். எல்லாமே ரிஸ்க்-ஃப்ரீ வீதத்தில், அதாவது தவறவே தவறாத கடனுக்குக் கிடைக்கும் வட்டியில், இருந்துதான் தொடங்குகிறது. எங்கள் அரசாங்கம் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அப்படிப்பட்ட இடத்தில் எதை ரிஸ்க்-ஃப்ரீ என்று எடுப்பது? அப்பா 9 அறை விடுதி ஒன்று நடத்துகிறார். ஒரு நாளும் என்பிவி போட்டதில்லை, கடையை மூடவும் இல்லை. இது பெரிய நாடுகளில் உள்ள பெரிய கம்பனிகளுக்கான பாடம். மறுக்க முடிந்தால் மறுங்கள்."

2 மார்ச், இரவு

பாதியை மறுக்கிறேன். ரிஸ்க்-ஃப்ரீ என்று பலகையில் எழுதும் எண் இங்கே சும்மா எடுத்துப் போடக்கூடியதல்ல, அது சரி. அதனால் பாடமே உதவாது என்பது பிழை. எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டதே அந்த எண் உடைந்த வருடத்தில்தான்.

திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் படகுகளுக்கு ஐஸ், அப்புறம் வாடகைக்கு ஒரு குளிர் அறை, இவ்வளவுதான் தொழில். செலவில் பெரும் பங்கு கரண்ட் பில். 2022 ஒகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றினார்கள். அந்த வருடக் கடைசியில் கூரைக்குச் சோலார் போடலாமா என்று முதலாளி கேட்டார். (கிரிட்டோடு இணைத்த சோலார் மின்வெட்டு வந்தால் தானும் படுத்துவிடும். நாங்கள் பார்த்தது பில்லைக் குறைக்க மட்டும்.)

எண்களைக் கொஞ்சம் உருட்டித் தருகிறேன். முதலீடு 100 லட்சம். பில்லில் மிச்சம் வருடத்துக்கு 24 லட்சம். பத்து வருடம் ஓடும் என்று வைப்போம். அந்த நேரம் அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்குக் கிட்டக் கொடுத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் படித்தபடி 30ஐ பத்து வருடத்துக்கும் போட்டால் 24 லட்சங்களின் இன்றைய பெறுமதி 74 லட்சம். என்பிவி கழித்தல் 26 லட்சம். திட்டம் அவுட்.

இந்த 30 எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன். உண்டியல் ஒரு வருடத்துக்குள் முதிர்கிற கடன். அதன் வீதத்தைப் பத்தாவது வருடத்தின் காசுக்கும் போட்டால், நாடு பத்து வருடமும் 2022ஆகவே இருக்கும் என்று சொல்வதாகிறது. முதல் வருடம் 30, இரண்டாவது 20, மூன்றாவது 14, பிறகு 12 என்று இறக்கிப் பார்த்தேன். அதே 24 லட்சம், அதே பத்து வருடம். இன்றைய பெறுமதி 109 லட்சம், என்பிவி கூட்டல் 9 லட்சம். கூரையும் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை, விடையின் குறி மட்டும் மாறியது.

இன்னொரு கோளாறும் இருந்தது. அந்த 30க்குள் பணவீக்கம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. மிச்சமாகும் 24 லட்சத்திலோ பணவீக்கம் துளியும் இல்லை, இன்றைய கட்டணத்திலேயே அதை உறைய வைத்திருந்தேன். மேலே போடுவது உறைந்த காசு, கீழே வகுப்பது வீங்கிய வீதம். எந்தத் திட்டமும் இதில் தப்பாது. 2023 பெப்ரவரியில் கட்டணம் மறுபடியும் 66 வீதம் ஏறியது.

வீதம் தனியாக நிற்கும் எண் அல்ல, காசுப்பாய்ச்சலோடு ஜோடியாக வருவது. அரை மார்க்குக்கூட வராத ஒரு வரியாக இது பாடத்தில் போய்விடுகிறது.

4 மார்ச்

கிண்ணியா நானா (வங்கிக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது) சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்: "30, 20, 14, 12 என்று இறக்கியது உங்கள் ஆசை. சந்தை அப்படிச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளே அப்போது 25க்கு மேல் கொடுத்தன. சோலாரை விட்டுவிட்டு முறியை வாங்கியிருக்கலாமே?"

வாங்கியிருந்தால் இன்று நான் ஐஸ் கம்பனியில் இருக்கமாட்டேன் நானா.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடியது. என் பதில் இது: முறி 28 வீதம் கொடுத்தது என்று வைப்போம், அது அரசாங்கம் தருவதாகச் சொன்ன வீதம். என்பிவியின் கீழே போட வேண்டியது கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வீதம். அரசாங்கம் தவறவே தவறாது என்றால் இரண்டும் ஒன்று. அந்த நேரம் இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை.

ஒரு வருடத்தை மட்டும் எடுப்போம். 100 போட்டால் 128 தருவதாக வாக்கு. நாலில் ஒரு பங்கு சாத்தியத்தில் வெட்டு விழுந்து 80தான் கைக்கு வரும் என்று பயப்படுகிறீர்கள். முக்கால் பங்கு 128ம் கால் பங்கு 80ம் சேர்ந்தால் 116. வாக்கு 28, எதிர்பார்ப்பு 16. நடுவில் உள்ள 12 பயத்தின் விலை. சாத்தியத்தையும் வெட்டையும் நானே வைத்துக்கொண்டேன், வேறு எண் வைத்தால் வேறு விடை வரும். ஆனால் அந்தப் பயம் அரசாங்கம் கடனை வெட்டுமா என்ற பயம். ஐஸ் கம்பனிக் கூரையில் விழும் வெயிலை எந்த மறுசீரமைப்பும் வெட்டாது. முறியின் பயத்தைத் தூக்கி சோலாரின் தலையில் கட்டுவது ஏன்?

அப்புறம் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. 2023 நடுவில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்ததை மாற்றினார்கள்: 2025 வரை 12 வீதம், அதன் பிறகு 9. ஆகவே ஒரே அரசாங்கம், ஒரே ரூபா முறி, ஆளைப் பொறுத்து விதி. பயந்தவர்கள் காரணம் இல்லாமல் பயப்படவில்லை.

5 மார்ச்

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. அந்தச் சோலாரின் ஐஆர்ஆர், அதாவது என்பிவி பூச்சியமாகும் வீதம், 20க்குச் சற்று மேல். எதோடு ஒப்பிடுவது? 30ஓடு ஒப்பிட்டால் வேண்டாம், 12ஓடு ஒப்பிட்டால் வேண்டும். வருடத்துக்கு வருடம் வீதம் மாறுகிற இடத்தில் ஐஆர்ஆருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒற்றை எண் கிடையாது. பரீட்சையில் ஐஆர்ஆரின் குறை என்ன என்று கேட்டால் எல்லாரும் "பல விடை வரும், மறுமுதலீட்டு எடுகோள்" என்று எழுதிவிட்டு வருவார்கள். இதை எழுதுங்கள், சேர் நிமிர்ந்து பார்ப்பார்.

9 மார்ச்

இனி அப்பா விஷயம்.

என்பிவி போடாத ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் தங்கச்சி. கிரகாம், ஹார்வி என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 392 நிதித் தலைவர்களைக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் என்பிவியும் ஐஆர்ஆரும் பார்ப்பதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பேபேக்கும் பார்ப்பதாகச் சொன்னார்கள், போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்கிற பழைய கணக்கு. சிறிய கம்பனிகளில் பேபேக் கிட்டத்தட்ட என்பிவிக்குச் சமமாக நின்றது. இது அமெரிக்காவிலும் கனடாவிலும்.

எங்கள் முதலாளியும் அதே ரகம். இரண்டு விதமாகவும் கணக்கை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ஒரு கேள்விதான் கேட்டார்: "நாலு வருசத்தில காசு வந்திடுமா?" ஓம், நாலு வருடமும் இரண்டு மாதமும் என்றேன். "அப்ப போடு." என்னுடைய எக்செல் தாளின் அடுத்த பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

அன்று எரிச்சல் வந்தது உண்மை. இப்போது அவ்வளவு எரிச்சல் இல்லை. யுத்தம், 2004 சுனாமி, 2019 ஈஸ்டர், கொரோனா, 2022 என்று பார்த்த ஊரில் ஐந்து வருடத்துக்கு அப்பால் நம்பி எண்ணக்கூடிய காசு குறைவு. வங்கி எப்போது கதவைச் சாத்தும் என்று தெரியாதபோது கைக்காசு சீக்கிரம் திரும்புவதற்கே ஒரு தனிப் பெறுமதி உண்டு. முதலாளி அதைப் பெயர் சொல்லாமல் கணக்கில் சேர்க்கிறார். இருந்தாலும் ஆறாவது வருடத்தை மொத்தமாகப் பூச்சியம் என்று எடுப்பது முரட்டுக் கணக்கு. கிணறு, கட்டடம், மரம் எதுவும் அதில் தேறாது.

ஆனால் "கடையை மூடவில்லை" என்பது ஒரு வாதமா? உங்கள் அப்பாவின் கணக்கு எனக்குத் தெரியாது, ஆகவே ஒரு கற்பனை விடுதி. கடற்கரைப் பக்கக் காணி, தாத்தா காலத்தில் வாங்கியது, புத்தகத்தில் அதன் கிரயம் சில ஆயிரம். இன்று விற்றால் 6 கோடி. வருட லாபம் 30 லட்சம். புத்தகத்தைப் பார்த்தால் அட்டகாசமான லாபம். 6 கோடிக்கு 30 லட்சம் என்று பார்த்தால் 5 வீதம். உண்டியலே இந்த 2025 மார்ச்சில் எட்டுக்குக் கிட்டக் கொடுக்கிறது, விடிய எழும்பி அறை கூட்டத் தேவையில்லாமல். போதாக்குறைக்கு அந்த 30 லட்சத்துக்குள் அப்பாவின் சம்பளமும் அம்மாவின் சமையலும் ஒளிந்திருக்கும். ஏஎல் பொருளியலில் அமையச் செலவு என்று படித்தோமே, பரீட்சை முடிந்ததும் புத்தகத்தோடு சேர்த்துப் பரணில் போட்டோமே, அது இதுதான்.

9 மார்ச், பின்னேரம்

உவர்மலை அண்ணை திட்டியிருக்கிறார், "சனத்துக்குக் காணியை விற்கச் சொல்லிக் குடுக்கிறியோ?" என்று. இல்லை அண்ணை. காணி விலை ஏறுவதும் வருமானம்தான், வருடம் 7 வீதம் ஏறினால் 5ம் 7ம் 12 ஆகிவிடும், விடுதி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அப்போதும் ஒரு கேள்வி மிச்சம்: காணி தன்பாட்டில் ஏறும், அதன் மேலே விடுதி நடத்துவதால் கூடுதலாக எவ்வளவு? வெறும் காணியை வாடகைக்கு விட்டால் எவ்வளவு? பதில் தெரிந்த பிறகும் விற்காமல் இருக்கலாம், அது குடும்பத்தின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு வருடம் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

16 மார்ச்

பீட்டா, அதாவது சந்தை ஆடும்போது ஒரு பங்கு எவ்வளவு ஆடும் என்ற அளவு, அதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்கள் கம்பனிக்குப் பங்குச்சந்தையும் இல்லை, விலையும் இல்லை, ஆகவே பீட்டாவும் இல்லை. வகுப்பு சொல்லும் வழி: அதே தொழிலில் பட்டியலிட்ட கம்பனியைத் தேடு, அதன் பீட்டாவில் இருந்து கடனின் பங்கை நீக்கு, உன் கடன் விகிதத்தை ஏற்று. கொழும்புச் சந்தையில் ஐஸ் கட்டி விற்கும் கம்பனிக்கு எங்கே போவது? சில பங்குகள் நாள்கணக்கில் கை மாறாமலே கிடக்கும். விலை அசையாததால் பீட்டா குறைவாக வரும், அதைப் பார்த்து ரிஸ்க் இல்லை என்றால் சிரிப்பார்கள்.

என் வழி சோம்பேறி வழி. வங்கி எங்களுக்குக் கடன் தரும் வீதத்தை எடுப்பேன். உரிமையாளரின் காசு கடைசி வரிசையில் நிற்கும் காசு, அதற்கு வங்கியைவிட அஞ்சாறு புள்ளி கூடக் கேட்கும் என்று சேர்ப்பேன். இதற்குக் கோட்பாட்டு அழகு இல்லை. ஆனால் எதிரே இருப்பவருக்கு விளங்கும், சண்டை பிடிக்கவும் முடியும். ஆய்வுக் கட்டுரையில் எழுதினால் மார்க் போகும், அங்கே சிஏபிஎம் (பீட்டாவை வைத்து வீதம் கணிக்கும் சூத்திரம்) போடுங்கள்.

17 மார்ச்

மூதூர்த் தம்பி: "பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க கரண்ட் போனது. அது முறைசார் ரிஸ்க்கா, தனிப்பட்ட ரிஸ்க்கா?"

எல்லாரையும் அடிப்பது முறைசார் ரிஸ்க், ஒரு கம்பனியை மட்டும் அடிப்பது தனிப்பட்டது. ஒரு குரங்கு, ஆகவே தனிப்பட்டது. முழு நாடும் இருண்டது, ஆகவே முறைசார்ந்தது. சிஏபிஎம் எழுதிய ஷார்ப் நோபல் வாங்கும்போது குரங்கு பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. பகிடியை விட்டால் விஷயம் இருக்கிறது: பல நிறுவனங்களில் காசைப் பரப்பி வைத்திருப்பவருக்குத்தான் "தனிப்பட்ட ரிஸ்க்குக்கு விலை இல்லை" என்ற வரி பொருந்தும். முழுச் சொத்தும் ஒரே விடுதியில் இருக்கும் அப்பாவுக்கு எல்லா ரிஸ்க்கும் ரிஸ்க்தான். குடும்ப வியாபாரம் சிஏபிஎம் சொல்வதைவிடக் கூடுதலான வீதம் கேட்டால் அதற்கு நியாயம் உண்டு.

6 ஏப்ரல்

நேற்று கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சோலார் மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு கட்டமாக 120 மெகாவாட். இதே சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக 2011இல் ஒப்பந்தம் போட்டு, 2016இல் கைவிட்டார்கள். வகுப்பில் "கைவிடும் விருப்புரிமை" (சரிவராத திட்டத்தை நடுவில் நிறுத்தும் உரிமை) என்று படிக்கும்போது எங்கோ அலாஸ்கா எண்ணெய்க் கிணற்றை உதாரணம் காட்டுவார்கள், எங்கள் குடாவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. நிலக்கரிக்குப் பெருங்காசு இறங்கும் முன்பே நிறுத்தியதால் நிறுத்த முடிந்தது. கட்டி முடித்த பிறகு சூழலைப் பற்றிப் பேசியிருந்தால் மூழ்கிய செலவை (ஏற்கனவே போய், இனித் திரும்பாத காசை) காட்டியே வாயை அடைத்திருப்பார்கள்.

ஆனால் 2006இல் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக வீடு திரும்ப முடியாமல் இருந்த சம்பூர்ச் சனத்தின் காலம் எந்தத் திட்ட அறிக்கையின் காசுப்பாய்ச்சலில் வந்தது? கிரயம் யாருக்கு என்று கேட்காத என்பிவி அரைக் கணக்கு. இதற்கு மேல் இந்த இழையில் எழுதினால் இழை வேறு எங்கோ போகும்.

7 ஏப்ரல்

சரி, போயேவிட்டது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஐந்து பேர் எழுதிவிட்டார்கள்.

"வெள்ளைக்காரன் கட்டிய தாங்கி, எங்களுக்குச் சும்மா கிடைத்தது, எவ்வளவுக்குக் கொடுத்தாலும் லாபம்" என்கிறார் ஒருவர். சும்மா கிடைத்தது என்பது மூழ்கிய செலவு, அதை மறக்க வேண்டும் என்பது சரி. மறந்த பிறகு கேட்க வேண்டியது, இன்று இதை வேறு யாருக்கு, வேறு எதற்குக் கொடுக்கலாம் என்பது. அந்தக் கேள்வியில் சும்மா என்று ஒன்றும் இல்லை. 99 தாங்கிகள், பக்கத்திலேயே உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று.

2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு (இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனி), 24 அரசாங்கத்தின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. காலம் 50 வருடம். "50 வருடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்ற கோபம் எனக்கும் வரும். ஆனால் 12 வீதத்தில் ஐம்பதாவது வருடத்தின் ஒரு ரூபாவுக்கு இன்று அரைச் சதம்கூடப் பெறுமதி இல்லை. காசுக் கணக்கில் 30 வருடத்துக்கும் 50 வருடத்துக்கும் வித்தியாசம் சொற்பம். கோபப்பட வேண்டிய இடம் முதல் பத்து வருடத்தின் நிபந்தனைகள்: யார் திருத்துவது, எப்போது திருத்துவது, திருத்தாமல் போட்டு வைத்தால் என்ன தண்டனை. காத்திருப்பதற்கும் பெறுமதி உண்டு என்று விருப்புரிமைக் கோட்பாடு சொல்லும். துருப்பிடிப்பதற்கு அந்தக் கோட்பாடு தெரியாது.

இன்னொரு பக்கம் யோசித்தால், 50 வருடத்தை அரைச் சதமாக்கும் இதே கணக்குத்தான் பேரப்பிள்ளைகளின் நலனையும் அரைச் சதமாக்குகிறது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

19 ஏப்ரல்

வருடப்பிறப்பு விடுமுறையில் கரண்ட் பாவனை குறைவு என்று கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்து வைக்கச் சொன்னார்கள். கூரையில் விழும் வெயிலை யாரும் வெட்டமாட்டார்கள் என்று மார்ச் 4ஆம் திகதி எழுதியவரை யாராவது பார்த்தீர்களா என்று நானா கேட்கிறார். பார்த்தேன் நானா, ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

27 ஏப்ரல்

கடன். பாடத்தில் இதற்குத்தான் பெரிய அத்தியாயம், இங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒருவேளை எல்லாரிடமும் கடன் இருப்பதால்.

மொடிகிலியானியும் மில்லரும் 1958இல் சொன்னது: வரி இல்லை, வங்குரோத்துச் செலவு இல்லை, எல்லாருக்கும் ஒரே தகவல் என்றால் கடனா உரிமையாண்மையா (உரிமையாளர் போடும் காசா) என்பது கம்பனியின் பெறுமதியை மாற்றாது. வகுப்பில் முதலில் கேட்டபோது மூவரில் ஒருவர் சிரித்தோம். அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: கடன் முக்கியம் என்றால் அது அந்த எடுகோள்களில் எது உடைந்ததால் என்று சொல். ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போனால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

வரியை எடுங்கள். சுற்றுலாக் கம்பனிக்கு 14 வீதமாக இருந்த வருமான வரி 2022 ஒக்டோபரில் 30 ஆனது. 100 ரூபா வட்டி கட்டினால் முன்பு 14 மிச்சம், இப்போது 30. ஆகவே கடன் எடுப்பது நல்லது என்று விடை எழுதுவார்கள். லாபம் வரும் கம்பனிக்கு மட்டும்தான் அது. நட்டத்தில் இருப்பவருக்கும் வரி வரம்புக்குக் கீழே தனிப் பெயரில் நடத்துபவருக்கும் வரியில் மிச்சம் பூச்சியம், வட்டி மட்டும் முழுசு.

இங்கே பெரிதாக வேலை செய்வது மையர்ஸ் 1977இல் எழுதியது: பழைய கடன் பாரம் நல்ல முதலீட்டையும் தடுத்துவிடும். தெரிந்த விடுதி ஒன்று. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு கடன் சலுகைக் காலம், கொரோனாவில் மறுபடியும் சலுகை. கட்டாமல் விட்ட வட்டி எல்லாம் முதலோடு சேர்ந்து கிடந்தது. 2023இல் வெள்ளைக்காரர் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஏசி நாலு மாற்றினால் அறைக்குக் கூட வாடகை கேட்கலாம், ஒரு சீசனில் காசு திரும்பும். உரிமையாளர் மாற்றவில்லை. ஏன் அண்ணை என்று கேட்டேன். "மாத்தி? வாற காசு முழுக்க பாங்குக்குத்தானே." என்பிவி கூட்டல்தான். ஆனால் அந்தக் கூட்டல் போகும் இடம் வங்கி, ஏசிக்குக் காசு போகும் இடம் அவருடைய சட்டைப்பை. மையர்ஸ் சமன்பாட்டில் எழுதியதை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்.

நீதிமன்றம் போகாமலே வங்கி ஈட்டை ஏலம் போடும் பராட்டே அதிகாரத்தை 2024இல் தற்காலிகமாக நிறுத்தினார்கள். நானாவுக்குக் கோபம் வரும், ஆனால் எனக்கு இரண்டு மனம். நிறுத்தியதால் பலருக்கு மூச்சு வந்தது. அடுத்து கடன் கேட்கப் போகிறவருக்கோ, ஈட்டை விற்க முடியாது என்ற பயத்தில் வங்கி வீதத்தைக் கூட்டும் அல்லது தலையை ஆட்டும். நிறுத்துவதோடு நில்லாமல் வட்டியைக் கொஞ்சம் வெட்டி, ஏசிக்குக் கொடுக்கும் புதுக்கடனுக்கு முதலிடம் கொடுத்திருந்தால் இருவருக்கும் லாபம்.

28 ஏப்ரல்

நானா எழுதிய பதில் எனக்குப் பிடித்திருந்தது, சுருக்கிப் போடுகிறேன்: "வெட்டலாம். ஒருவருக்கு வெட்டினால் ஒழுங்காகக் கட்டின நாற்பது பேர் அடுத்த நாள் காலை கவுண்டரில் நிற்பார்கள்." இதற்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. நாளைக்குப் பரீட்சை உள்ளவர்கள் ஜென்சன், மெக்லிங், 1976 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

11 மே

ஜென்சன், மெக்லிங்கை முகவர் பிரச்சினை (ஒருவரின் காசை இன்னொருவர் ஆளும்போது வரும் முரண்) என்று பாடமாக்கிவிட்டு உதாரணம் கேட்கிறார் தம்பி. தூரப் போகத் தேவையில்லை. எங்கள் ஊரில் சீமெந்து ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்துக்குக் கொழும்புச் சந்தையில் இரண்டு வகைப் பங்கு: வாக்குரிமை உள்ளது, இல்லாதது. கம்பனி ஒன்றுதான், லாபமும் ஒன்றுதான், ஆனாலும் வாக்கில்லாத பங்கின் விலை பொதுவாகக் குறைவு. அந்த இடைவெளியில் ஒரு பகுதி எளிதில் வாங்கி விற்க முடிவதன் விலை, மற்றது கையை உயர்த்தும் உரிமையின் விலை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இந்த இடைவெளி 2022க்கு முன்னும் பின்னும் எப்படிப் போனது என்று பாருங்கள். விலைத்தரவு கிடைக்கும், பேட்டி எடுக்க அலையத் தேவையில்லை.

பங்கிலாபம் பற்றியும் கேட்டார். எங்கள் கம்பனியின் பங்கிலாபக் கொள்கை முதலாளி வீட்டுக் கலியாணங்களோடு தொடர்புடையது. லின்ட்னர் 1956இல் 28 கம்பனிகளைப் பார்த்துவிட்டு, பங்கிலாபத்தை மெதுவாகத்தான் மாற்றுவார்கள், குறைக்கப் பயப்படுவார்கள் என்று எழுதினார். அவருடைய 28இல் கலியாண வயதில் பிள்ளைகள் உள்ள முதலாளிகள் குறைவு போல.

18 மே

தங்கச்சி திரும்பி வந்திருக்கிறார். அப்பாவிடம் காணிக் கணக்கைக் காட்டினாராம். அப்பா வாசித்துவிட்டு, "உண்டியலில் போட்டால் நீ எங்கே இருந்து படிப்பாய்?" என்றாராம். குடியிருக்கும் வாடகையையும் விடுதியின் வருமானத்தோடு கூட்ட வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். சரியாகத்தான் சொல்கிறார்.

தங்கச்சி கேட்ட அடுத்த கேள்வி உண்மையில் எல்லாவற்றையும்விட அவசரமானது. வங்கிக் கடன் மாதாமாதம் ஒரே தொகை. நிலாவெளியில் காசு வருவது மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கினால் தை வரைக்கும் நாய்கூட வராது. வருட லாபம் நன்றாக இருந்தும் மார்கழியில் நகை அடகுக்குப் போகிறது. பாடத்தில் தொழிற்படு மூலதனம் (அன்றாடம் ஓட்டத் தேவையான காசு) கடைசி அத்தியாயம், பெரும்பாலும் சேர் அதற்கு வரும் முன்பே செமெஸ்டர் முடிந்துவிடும். இங்கே கம்பனிகள் சாவது அந்த அத்தியாயத்தில்தான்.

செய்ய வேண்டியது: 12 மாதத்துக்கும் காசு வரவு செலவை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், லாப நட்டம் வேண்டாம். அதைக் கொண்டுபோய் வங்கியிடம் தவணையைச் சீசனுக்கு ஏற்ப மாற்றக் கேளுங்கள். மொத்த வட்டி கொஞ்சம் கூடலாம். கூடும் வட்டியை அடகு வட்டியோடு ஒப்பிடுங்கள், மேலதிகப்பற்றின் வட்டியோடும் ஒப்பிடுங்கள். எது மலிவோ அது.

எங்களுக்கும் இதே தலைவலி, வேறு உருவத்தில். படகு வைத்திருக்கும் சம்மாட்டிமாருக்கு ஐஸ் கடனுக்கு. மீன் விற்றதும் காசு, மீன் படாவிட்டால் அடுத்த முறை. கடனை நிறுத்தினால் ஐஸ் வேறு இடத்தில் வாங்குவார்கள். பத்து நாளுக்குள் கொடுத்தால் 2 வீதம் கழிவு, இல்லாவிட்டால் முப்பதாம் நாள் முழுக்காசு என்று ஒரு முறை அறிவித்தேன். கணக்குப்படி அந்தக் கழிவை விடுகிறவர் வருடத்துக்கு 37 வீத வட்டி கட்டுவதற்குச் சமன். யார் விடுவார்கள் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் விட்டார்கள். சிலரிடம் பத்தாம் நாள் காசே இல்லை, சிலர் 37 வீதத்துக்கு மேல் உழைக்கும் இடத்தில் அந்தக் காசை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த வகை என்று பேரேட்டைப் பார்த்துத் தெரியாது, வாடிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தால் தெரியும்.

23 மே

நேற்று மத்திய வங்கி கொள்கை வீதத்தை 8இல் இருந்து 7.75க்கு இறக்கியது. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றிய அதே வங்கி. என் பழைய சோலார்த் தாளில் மூன்றாவது வருடத்துக்கு 14 போட்டிருந்தேன், நடந்தது அதைவிட நல்லாக. நானா உடனே, "அப்போ 30ஐ வைத்துத் திட்டத்தை நிராகரித்தவன் முட்டாளா?" என்கிறார். இல்லை. 2022 டிசம்பரில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு 7.75 தெரிந்திருக்க நியாயமில்லை. அவரிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: 30ஐ பத்து வருடத்துக்கும் போட்டபோது, அப்படித்தான் இருக்கும் என்று யோசித்துப் போட்டாரா, எக்செல்லில் கலத்தைச் சும்மா இழுத்து விட்டாரா?

14 ஜூன்

மின்கட்டணம் மறுபடியும். ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், இப்போது 15 வீதம் ஏற்றியிருக்கிறார்கள். 100 ரூபா 80 ஆகி இப்போது 92. சோலாரில் மிச்சமாகும் காசும் கூடவே இறங்கி ஏறுகிறது. கவனியுங்கள், கட்டணம் ஏறும்போது ஐஸ் வியாபாரம் அடிவாங்கும், சோலாரின் மிச்சம் கூடும். ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதால் மொத்தக் கம்பனியின் ஆட்டம் குறைகிறது. சோலாரைத் தனியாக எடுத்து ரிஸ்க் கூட என்று வீதத்தை ஏற்றியவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எக்செல் தாள் கேட்ட மூவருக்கும்: பெயர்களையும் வாடிக்கையாளர் விபரங்களையும் எடுத்துவிட்டு ஞாயிறு அனுப்புகிறேன். முதல் வரிசையில் கட்டணம், வருடத்துக்கு ஒரு கலம். இரண்டாவதில் வீதம், அதுவும் வருடத்துக்கு ஒரு கலம், மேலே ஒரே எண்ணைப் போட்டு எல்லாவற்றையும் அதோடு கட்டி வைக்காதீர்கள். மஞ்சள் கலங்கள் என் ஊகம், அழித்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். நானாவுக்கு மட்டும் தனித்தாள், அவருடைய 30 வீதம் ஏற்கனவே நிரப்பியிருக்கிறது.